கொடை முடிந்ததும் வந்துவிடுங்கள்

கேரளத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு உயிர் இருக்கிறதா என்று நாடி பிடித்துப் பார்க்க வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் உண்டு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள். அன்றைக்கு வகுப்பில் எத்தனை தலை இருக்கிறதோ அதுதான் அந்த வருடத்துக்கான எண்ணிக்கை. எத்தனை ஆசிரியர்கள், பள்ளி இருக்குமா போகுமா எல்லாவற்றையும் அந்த ஒரு எண்ணை வைத்துத்தான் ஆபீஸில் முடிவு செய்வார்கள். ஏழாம் நாள் நூறு பிள்ளைகள் வாசலில் வந்து நின்றாலும் பிரயோஜனமில்லை.

என் பெயர் ஜெபமலர். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிற வழியில் இரண்டு அறைகள் கொண்ட ஒரு தமிழ் ஆரம்பப் பள்ளியில் பதினோரு வருடம் டீச்சராக இருந்தேன். ஆசிரியர்கள் இரண்டே பேர்தான், நானும் தலைமையாசிரியை சுசீலாபாயும். பிள்ளைகள் எல்லோரும் ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்திலிருந்து கம்பி கட்டவும் சென்ட்ரிங் அடிக்கவும் இறால் உரிக்கவும் வந்தவர்களின் பிள்ளைகள். பள்ளிக்கு ஒன்றரை கிலோமீட்டர் தள்ளி, வரிசையாகக் கட்டிய வாடகை அறைகளில் இருந்தார்கள். லைன் என்று சொல்வோம். காலையில் பெரியது சின்னதின் கையைப் பிடித்துக்கொண்டு, லாரி ஓடுகிற ரோட்டின் ஓரமாக எல்லாம் ஒரே கூட்டமாக நடந்து வரும்.

எங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஆறாம் நாளுக்கும் ஏழாம் பொருத்தம். காரணம், ஊர்க் கோயில்களில் நடக்கும் வைகாசித் திருவிழா, வைகாசிக் கொடை. முழுப் பரீட்சை முடிந்ததும் குடும்பம் குடும்பமாக ஊருக்குப் போய்விடுவார்கள். கொடை எப்போது வருகிறதோ அது முடிந்துதான் திரும்புவார்கள். சுடலைமாடனுக்கும் முத்தாரம்மனுக்கும் கேரளக் கல்வித்துறையின் காலண்டர் தெரியாது. சில வருடம் கொடை மே மாதத்திலேயே முடிந்துவிடும், சில வருடம் ஜூன் முதல் வாரம் வரை இழுக்கும். திரும்பி வருவதற்குள் ஆறாம் நாள் போயிருக்கும். பேரை வெட்டியிருப்பார்கள். பேர் வெட்டுப்பட்ட பிள்ளைகளில் பாதி அப்புறம் எந்தப் பள்ளிக்கும் போகாது. லைனிலேயே தம்பியையோ தங்கையையோ பார்த்துக்கொண்டு இருந்துவிடும்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். எங்கள் சபையில் தெரிந்தால் பாஸ்டர் தனியாக ஜெபம் பண்ண வந்துவிடுவார். ஆனாலும் பதினேழு ஊர்க் கோயில்களின் கொடைத் தேதியும் எனக்கு விரல் நுனியில் இருந்தது. ஒரு லாங் சைஸ் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். எந்தக் குடும்பம், எந்த ஊர், எந்தச் சாமி, என்றைக்குக் கொடை, ஊருக்குப் போனால் யார் போனில் பிடிக்கலாம். போன் எப்போது பண்ண வேண்டும் என்பதிலும் ஒரு வித்தை உண்டு. கொடை முடிந்த மறுநாள் மத்தியானம்தான் பண்ண வேண்டும். காலையில் பண்ணினால் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். சாயங்காலம் பண்ணினால் அதற்குள் அத்தையோ சித்தியோ "ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்று சொல்லியிருப்பாள். எங்கள் பக்கத்தில் ரெண்டு நாள் என்றால் ரெண்டு வாரம். அப்பாவிடம் பேசக் கூடாது, சரி சரி என்று சொல்லிவிட்டு மறந்துவிடுவார். அம்மாவிடம்தான் பேச வேண்டும். இதையெல்லாம் நான் எந்தப் பயிற்சியிலும் கற்றுக்கொள்ளவில்லை. ஏழெட்டு வருடம் பிள்ளைகளைத் தொலைத்துத் தொலைத்துக் கற்றது. இந்த நோட்டு வந்த பிறகு எங்கள் பள்ளியில் ஒரு பேர்கூட வெட்டுப்படவில்லை.

சனிக்கிழமைக் கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை ஆரம்பித்தவள் ஸ்ரீலக்ஷ்மி. பைபாஸுக்கு அந்தப் பக்கம், நாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பெரிய மலையாளப் பள்ளியின் டீச்சர். அதுவரை மே மாதம் வந்தால் அக்கம்பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் எல்லோரும் எதிரி நாட்டுப் படைபோலத்தான் அலைவோம். வீடு வீடாகப் போய்ப் பிள்ளை பிடிப்போம். ஒரு பள்ளி குடை கொடுத்தால் இன்னொன்று பை கொடுக்கும். "இது அசிங்கமா இல்லையா?" என்று கேட்டவள் ஸ்ரீலக்ஷ்மிதான். ஐந்து பள்ளி டீச்சர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். மேலிடத்து உத்தரவு கிடையாது, ரெஜிஸ்டர் கிடையாது. மாதத்தின் முதல் சனிக்கிழமை, தங்கள் பள்ளியில் பலித்த ஒரு காரியத்தை ஆளுக்கு ஒருவர் சொல்ல வேண்டும். பிடித்தவர்கள் எடுத்துக்கொள்ளலாம். டீயும் பழம்பொரியும் அவரவர் செலவு.

முதலில் நான் பழம்பொரிக்காகத்தான் போனேன் என்று சொன்னால் ஸ்ரீலக்ஷ்மி இன்றைக்கும் சிரிப்பாள். ஆனால் போகப்போக எனக்கே ஆச்சரியமாகிவிட்டது. ஸ்ரீலக்ஷ்மியின் பள்ளியில் கழிப்பறைத் தாழ்ப்பாளை ஒரு முழம் கீழே இறக்கியிருந்தார்கள். அவ்வளவுதான் செய்தது. எங்கள் பெண் பிள்ளைகள் தாழ்ப்பாள் எட்டாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து, மத்தியானம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள் என்பது அதற்குப் பிறகுதான் என் மண்டையில் ஏறியது. திங்கள்கிழமையே ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பத்து நிமிடத்தில் இறக்கினேன். இன்னொரு பள்ளியில், வாசிக்கத் திணறுகிற பெரிய பிள்ளையை முதல் வகுப்புப் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். அதை எங்கள் இசக்கிபிரியாவுக்குச் செய்து பார்த்தேன்.

இசக்கிபிரியாவுக்குத் திக்குவாய். இரண்டாம் வகுப்பு முடியும்வரை வகுப்பில் அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பேர் சொல்லக் கூப்பிட்டாலே கண் கலங்கிவிடும். முதல் வகுப்புக் குட்டிகள் இரண்டை அவள் முன்னால் உட்கார வைத்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். குட்டிகளுக்குத் திக்குவாயும் தெரியாது, ஒன்றும் தெரியாது. அடுத்து என்ன, அடுத்து என்ன என்று அவளைப் பிடுங்கின. மூன்று மாதத்தில் அவள் ஒரு பக்கம் முழுக்க வாசித்தாள். அன்றைக்கு நான் அழுததை சுசீலாபாய் பார்த்துவிட்டு, "உனக்கு ஜலதோஷமா?" என்று கேட்டார்.

இப்படி மற்றவர்களிடம் வாங்கி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நான் மட்டும் கையை மூடிக்கொண்டு இருக்க முடியுமா? ஜனவரிக் கூட்டத்தில் ஸ்ரீலக்ஷ்மி, போன ஜூனில் அவள் பள்ளியில் மட்டும் ஒன்பது தமிழ்ப் பிள்ளைகளின் பேரை வெட்டினார்கள் என்று சொன்னாள். மற்ற மூன்று பள்ளிகளிலும் அதே கதைதான். பிப்ரவரிக் கூட்டத்துக்கு நான் என் நோட்டைக் கொண்டுபோனேன்.

சுசீலாபாய் முதல் நாளே எச்சரித்தார். "ஜெபமலரே, அது நம்ம அரிசிப் பானை கேட்டியா. பானையைத் தூக்கி ஊருக்குக் கொடுத்துட்டா நாளைக்கு நமக்குக் கஞ்ஞி எவன் தருவான்?"

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்னு சொல்லுவாங்கல்லா டீச்சர்" என்றேன்.

அந்தப் பழமொழியைச் சொன்னவன் கண்டிப்பாகப் பள்ளிக்கூடம் நடத்தியிருக்க மாட்டான் என்று இப்போது தோன்றுகிறது. எங்களுக்கு ஆபீஸிலிருந்து ஏற்கெனவே ஒரு காகிதம் வந்திருந்தது. வரும் ஜூனில் பதினைந்து பேருக்குக் குறைந்தால் எங்கள் பள்ளியைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள். நாலாம் வகுப்பு முடித்துப் போகிறவர்களைக் கழித்தும் எங்களிடம் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு போதும் என்று நான் நினைத்தேன்.

கூட்டத்தில் நோட்டை விரித்து எல்லாம் விளக்கினேன். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். சுடலைமாடன் என்று மலையாளத்தில் எழுத ஒருத்தி பட்ட பாட்டைப் பார்த்து ஒரே சிரிப்பு. ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. ஊரில் போனை எடுப்பது தாய்மாமனோ பக்கத்து வீட்டுக்காரரோதான். மலையாளத்தில் ஒரு குரல் கேட்டால், கம்பெனிக்காரன் போலிருக்கு என்று வைத்துவிடுவார்கள். தமிழில் பேச வேண்டும், அதுவும் அந்த ஊர்த் தமிழில். "ஜெபமலர் டீச்சர் விளிச்சா மதி" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி, நான் கூப்பிட்டால் போதும் என்று. ஐந்து பள்ளிக்கும் சேர்த்து நாற்பத்து மூன்று குடும்பங்கள். எல்லா அழைப்பும் என் தலையில்.

நான் சந்தோஷமாகவே ஏற்றுக்கொண்டேன். அதோடு நின்றிருக்கலாம். நானாகவே எழுந்து ஒரு விதியும் சொன்னேன். போனில் எந்தப் பள்ளியின் பெயரையும் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் என் பள்ளிக்கு ஆள் பிடிக்கிறேன் என்று ஆகிவிடும். 'பள்ளிக்கூடம் திறக்கிறது, கொடை முடிந்ததும் வந்துவிடுங்கள்.' அவ்வளவுதான் சொல்வேன். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

ஏப்ரல் கடைசியில் ஸ்ரீலக்ஷ்மியின் பள்ளிக்கு ஒரு பஸ் வந்தது. வருடக்கணக்காக மனுக் கொடுத்துக் கிடைத்தது. கூட்டத்தில் அவள் அதைச் சொன்னபோது நானும் கைதட்டினேன், கொஞ்சம் பலமாகவே. அது எந்த வழியாகப் போகும் என்று நான் கேட்கவில்லை. அவளும் யோசித்திருக்க மாட்டாள்.

மே மாதம் முழுக்க மத்தியான வெயிலில் உட்கார்ந்து போன் பண்ணினேன். ஒரு வீட்டில் கொடைச் சோறு சாப்பிட என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு வீட்டில் சாமியாடின அண்ணாச்சியே போனை எடுத்து, "வந்துருவோம் டீச்சர், சாமி உத்தரவு குடுத்தாச்சு" என்றார். நாற்பத்து மூன்று குடும்பத்துக்கும் பேசினேன். நாற்பத்து மூன்று அம்மாக்களும் வருகிறோம் என்றார்கள். சுசீலாபாயிடம் போய், "பாத்தியளா?" என்று காலரைத் தூக்கிவிடாத குறையாகச் சொன்னேன்.

பள்ளி திறந்த அன்று ஏழு பேர் வந்தார்கள். இரண்டாம் நாள் பத்து. மூன்றாம் நாள் பதினொன்று. பஸ் கிடைக்காமல் தாமதம் ஆகியிருக்கும், வருவார்கள் என்று சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் பள்ளியைப் பூட்டிவிட்டு ரோட்டுக்கு வந்தபோது, ஒரு புது மஞ்சள் பஸ் என்னைத் தாண்டிப் போனது. ஜன்னலில் என் பிள்ளைகள். "டீச்சர்! டீச்சர்!" என்று கத்திக் கையை ஆட்டினார்கள். அவ்வளவு சந்தோஷம் அந்த முகங்களில். நானும் கையை ஆட்டினேன். வேறு என்ன செய்வது?

நேராக லைனுக்குப் போனேன். முதல் அறையில் செல்வமணி இருந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் போன வருடம் என்னிடம் படித்தவர்கள். என்னைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க டீச்சர், வாங்க. நீங்க சொன்ன மாதிரி கொட முடிஞ்ச மறுநாளே வண்டி ஏறிட்டோம்லா" என்றாள்.

"பிள்ளைங்க எங்க சேத்திருக்கிய செல்வமணி?"

"அதான் வண்டி வருதே, அந்த ஸ்கூல்லதான். டி.சி. இல்லாமலே சேத்துக்கிட்டாவ. எல்லாம் சேந்துதான போறாவ." என் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "நீங்கதான டீச்சர் போன் பண்ணி வரச் சொன்னிய? நாங்க வந்த மறுநாளே வாசல்ல வண்டி வந்து நின்னுச்சு. நீங்க அனுப்புன வண்டின்னுலா நெனச்சோம்."

நாற்பத்து மூன்று தடவை நான் சொன்ன வாக்கியத்தில் எங்கள் பள்ளியின் பெயர் ஒரு தடவைகூட இல்லை. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் ஐந்து பள்ளிக்கூடத்தைச் சாட்சி வைத்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

"மாத்தணும்னா மாத்திருதேன் டீச்சர்" என்றாள் செல்வமணி. "ஆனா ஆறு மணிக்கெல்லாம் நான் ஷெட்டுக்குப் போணும். லாரி ரோட்டுல நடந்து போவாவளேன்னு தெனம் வயித்துல நெருப்ப கட்டிட்டுத்தான் எறா உரிப்பேன். இப்பதான் டீச்சர் மூணு நாளா நிம்மதியா இருக்கேன்."

டீ கொடுத்தாள். குடித்தேன். மாற்றச் சொல்லவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் மனசு வரவில்லை.

வெளியே வந்தபோது கடைசி அறை வாசலில் கோமதி நின்றுகொண்டிருந்தாள். இசக்கிபிரியாவின் அம்மா. கையிடுக்கில் இரண்டு வயதுப் பையன். "நான் ஏத்தல டீச்சர்" என்று அவளே ஆரம்பித்தாள். "வண்டிக்காரன் ரெண்டு நாளு வந்து கேட்டான். வேண்டாம்னுட்டேன். இவ உங்ககிட்டதான் வாயத் தொறந்தா. அந்தப் பெரிய ஸ்கூல்ல மலையாளத்துல கேட்டா இவ திரும்ப ஊமையாயிருவா. நீங்க இருக்கிய, எனக்கு அது போதும்."

நான் இருக்கிறேன் என்று தலையாட்டினேன்.

மறுநாள் சாயங்காலம் ஸ்ரீலக்ஷ்மியைத் தேடிப் போனேன். சண்டை போடுகிற எண்ணத்தோடுதான் போனேன், அதை ஏன் ஒளிக்க வேண்டும். ஆனால் நான் சொல்லச் சொல்ல அவள் முகம் வெளுத்துவிட்டது. "டீச்சரே, ஞான் அறிஞ்ஞில்ல. சத்யமாயிட்டும் அறிஞ்ஞில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தெரியாதுதான். தமிழ்ப் பிள்ளைகள் முதல் நாளே வந்துவிட்டார்கள் என்று சந்தோஷத்தில் இருந்தவள். எது அவள் பிள்ளை எது என் பிள்ளை என்று பிரித்துப் பார்க்கவில்லை. பிரித்துப் பார்க்கக் கூடாது என்றுதானே கூடினோம்.

உடனே அங்கே சேர்ந்துவிட்ட என் பிள்ளைகள் ஆறு பேருக்கும் டி.சி. விண்ணப்பம் எடுத்து வந்தாள். "இதில் அம்மாவோ அப்பாவோ ஒரு கையெழுத்துப் போட்டால் மறுநாள் காலையிலேயே திருப்பி அனுப்புகிறேன். எங்களுக்கு ஒரு டிவிஷன் போகும். போகட்டும். அவர்கள் வந்ததே டீச்சருடைய உழைப்பு" என்று மலையாளத்தில் சொன்னாள். அந்த வகுப்புப் பிரிவு போனால் அவள் பள்ளியில் புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு வேலை போகும் என்பது எனக்கும் தெரியும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அந்த ஆறு காகிதங்களையும் பையில் வைத்துக்கொண்டு லைன் வாசலில் நின்றேன். பஸ் அப்போதுதான் வந்து நின்றது. செல்வமணியின் சின்னப் பையன் கழுத்தில் அட்டையோடு இறங்கி, அதைத் தூக்கி எனக்குக் காட்டினான். அவன் போட்டோ அதில் இருந்தது. அவன் அம்மா அறைக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே போய்க் காகிதத்தை நீட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டாள். மற்ற அம்மாக்களும் அப்படித்தான். நான் கேட்டு அவர்கள் மறுத்ததே இல்லை. மறுபடியும் அந்த லாரி ரோட்டில் பிள்ளைகளை நடக்க விட்டுவிட்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இறால் உரிப்பார்கள். என் பள்ளிக்கூடம் பிழைக்கும்.

பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தேடித்தானே இத்தனை சனிக்கிழமையும் உட்கார்ந்தோம். அது மஞ்சள் நிறத்தில் என் கண் முன்னால் நின்றது. நான் கேட்கவில்லை. திரும்பி நடந்தேன். கடைசி அறையில் இசக்கிபிரியா சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தது ரோடு வரைக்கும் கேட்டது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆறு பேரைப் பற்றி யோசித்த நான், என்னை நம்பி நின்ற பதினொரு பேரைப் பற்றி யோசிக்கவே இல்லை. இதை நல்ல மனசு என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆறாம் நாள் பதினொன்று. சுசீலாபாய் கம்ப்யூட்டரில் எண்ணை ஏற்றிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அரிசிப் பானையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஜூலை மூன்றாம் வாரம் உத்தரவு வந்தது. பள்ளியை ஸ்ரீலக்ஷ்மியின் பள்ளியோடு சேர்த்தாயிற்று. சுசீலாபாய் விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்குக் கல்லாற்றில் ஒரு பள்ளியில் வேலை. பொன்முடி மலைக்குக் கீழே, போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம். அங்கே தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அலமாரி ஒன்று, அதற்குச் சாவி இல்லை.

பதினொரு பிள்ளைகளில் ஐந்து பேருக்குப் பஸ்ஸில் இடம் கிடைத்தது. ஐந்து பேரை அப்பாக்கள் பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள். மிஞ்சியது இசக்கிபிரியா. கோமதிக்கு ஆறு மணிக்கு ஷெட். அவள் புருஷன் வன்னியராஜுக்கு ஐந்து மணிக்கே கம்பி கட்டுகிற வேலைக்குக் கம்பெனி வண்டி வந்துவிடும். எட்டு வயதுப் பெண் தனியாக நாலு கிலோமீட்டர் நடந்து பைபாஸைத் தாண்ட முடியுமா? ஜூன் மாதம் இரண்டு தடவை கேட்டு வந்த வண்டியில் இப்போது இடம் இல்லை.

நான் சும்மா இருக்கவில்லை. ஸ்ரீலக்ஷ்மியிடம் சொன்னேன். அவள் இசக்கிபிரியாவை டிரைவர் பக்கத்தில் கீழே உட்கார வைத்து ஒரு வாரம் கூட்டிப்போனாள். வண்டிச் சோதனையில் மாட்டிக்கொண்டார்கள், இன்னொரு தலை ஏற்றினால் பர்மிட் போய்விடும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். அப்புறம் ஒரு ஆட்டோவை ஏற்பாடு செய்தேன். இரண்டு வாரம் ஓடியது. ஆட்டோக்காரனுக்குக் கழக்கூட்டத்தில் கம்பெனி ஓட்டம் கிடைத்ததும் போய்விட்டான். வேறு யாரும் ஒரே ஒரு பிள்ளைக்காக அந்த நேரத்துக்கு வரத் தயாராக இல்லை. இதற்கிடையில் கோமதி போனில் ஒரு நாள், "அவ அங்க வாயே தொறக்க மாட்டேங்கா டீச்சர். போனாலும் போகாட்டியும் ஒண்ணுதான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

சனிக்கிழமைக் கூட்டம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகஸ்ட் கூட்டத்துக்கு ஸ்ரீலக்ஷ்மி வற்புறுத்திக் கூப்பிட்டதால் போனேன். நாலு பள்ளிகளுக்கும் நல்ல வருடம். ஒரு தமிழ்ப் பிள்ளையின் பேர்கூட ஜூனில் வெட்டுப்படவில்லை. நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து இரண்டு பள்ளிக்காரர்கள் என் நோட்டைக் கேட்டு வந்திருந்தார்கள். போட்டோ எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே, எல்லாம் பலித்த காரியம்தான். பழம்பொரியை மட்டும் தொட முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் லைனுக்குப் போனேன். கோமதிக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஷெட் உண்டு. அறை வாசலில் இசக்கிபிரியா உட்கார்ந்து, தம்பிக்குத் தட்டில் சோறு பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். முடி எண்ணெய் காணாமல் பரந்து கிடந்தது. மெலிந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்பதுபோல.

அவள் வாயைத் திறக்க நேரமாயிற்று. நான் காத்திருந்தேன். என்னிடம் அந்தப் பழக்கமாவது மிச்சம் இருந்தது.

"டீ... டீச்சர், நம்ம ஸ்கூ... ஸ்கூலு தொறந்தாச்சா?"

எனக்குப் புரியவில்லை. அவளே மெதுவாகச் சொன்னாள். "அம்மா சொன்னா... நீங்க போ... போன் பண்ணுனாதான் ஸ்கூலு தொறக்குமாம். தெனமும் ராத்திரி கேப்பேன். இ... இன்னும் பண்ணலன்னு சொல்லுவா."

தம்பி சோற்றுக் கையோடு அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தான். அவள் கண்ணை என் மேலிருந்து எடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வீட்டுக்குப் போன் பண்ணி எல்லோரையும் வரவழைத்தவள் நான். இந்த ஒரு பிள்ளைக்குச் சொல்வதற்கு என்னிடம் ஒரு பள்ளிக்கூடம் இல்லை.

"இல்ல பிள்ள, இன்னும் தொறக்கல" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபடி உட்கார்ந்து சோறு ஊட்ட ஆரம்பித்தாள்.